கூனும் பணிவும்

தவக்காலம் வந்துவிட்டால் மலையகத்துக் கோயில்களில் ஒரு பிரசங்கம் தவறாமல் கேட்கும். 'நான்' என்பதைச் சாகக் கொடுங்கள், உங்களைத் தாழ்த்துங்கள், கடைசி இடத்தைத் தேடிப் போய் உட்காருங்கள். வேதத்தில் உள்ளதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்தால்தான் நெருடும். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் விடிய முன்னமே எழும்பிப் பிரட்டுக்கு ஓடி, கங்காணியிடம் பேச்சு வாங்கி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்பட்ட கிலோக்களைப் பற்றி வாய் திறக்காமல், குடித்துவிட்டு வந்த புருஷனுக்கும் சோறு போட்டுவிட்டு வந்தவர்கள். கடைசி இடத்தைத் தேடிப் போகச் சொல்கிறார் சாமி. அவர்கள் வேறெங்கும் உட்கார்ந்ததே இல்லை.

மாத்தளையில் இந்த நெருடலுக்கு வயது அதிகம். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த வடக்கு வீதி இங்கேதான் மலையைத் தொட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னார்ப் பக்கம் வந்து இறங்கி, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை எனக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் தப்பியவர்கள் மாத்தளையில் மூச்சு விட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாகப் பிரிந்தார்கள். அவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மன் இன்றும் நகரின் நடுவில் தேரேறுகிறாள். அவர்களுக்குப் பின்னாலேயே வேதமும் வந்தது. 1854இல் சி.எம்.எஸ். சபையார் தொடங்கிய ஊழியத்துக்குப் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டார்கள். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். அவர்களில் உண்மையான பக்தியுள்ளவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பொறுமையையும் கீழ்ப்படிதலையும் போதிக்கும் மார்க்கத்துக்குச் சந்தா கட்டுவதில் எந்த முதலாளிக்கும் நட்டமில்லை. 'கூலி' என்று தன் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்துக்கொண்ட ஒரு சபை, அந்த ஆட்களிடமே போய்த் தாழ்மையைப் பற்றிப் பேசியிருக்கிறது. லயத்து இஸ்தோப்பில் குந்திக்கொண்டு அதைக் கேட்டவர்களின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எந்த மிஷன் அறிக்கையும் எழுதாது.

இதற்காகப் பணிவு என்ற சங்கதியையே தூக்கி எறிந்துவிடலாம் என்று நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சியில்லை. லயத்தில் பிறந்தவனுக்குத் தன்னலம் கிடையாது, அகந்தை வராது என்று நினைப்பதும் ஒருவகை அவமதிப்புத்தான். தங்கச்சியின் சீட்டுப் பணத்தை எடுத்துக் குடிக்கிற அண்ணனும் நம்மிடம் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் பதவி கிடைத்ததும் மாமன் மச்சானைக்கூடக் 'கொஞ்சம் இருங்க' என்று வாசலில் நிறுத்துகிறவரும் உண்டு. கோயில் கமிட்டியில் சுருவத்தைத் தூக்குவது யார் என்பதில் தொடங்கிய சண்டை பொலிஸ் வரை போனதும் உண்டு. எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுபத்திரிகையில் அடக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு, அட்டையில் தன் பெயர் எந்த அளவு எழுத்தில் வந்திருக்கிறது என்று முதலில் பார்க்கிற சாதி நாங்கள்.

மார்ட்டின் லூத்தர் 1515, 1516இல், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தை மாணவர்களுக்கு விளக்கியபோது, பாவத்தில் இருக்கும் மனிதனைத் தன்மேலேயே வளைந்துகொண்டவன் என்று வர்ணித்தார். நல்ல பார்வை. அவன் கடவுளைத் தேடினாலும் தனக்காகவே தேடுகிறான், நல்லது செய்தாலும் ஓரக்கண்ணால் தன்னையே பார்த்துக்கொள்கிறான். வளைந்த முதுகுக்கு நிலமும் தன் காலும் மட்டும்தான் தெரியும். ஆனால் முதுகு இரண்டு வகையில் வளையும் என்பதை லூத்தர் யோசித்தாரா தெரியவில்லை. சரிவில் கூடையைச் சுமந்து நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தால் வளைகிற முதுகும் இருக்கிறது. அதை வளைத்தது அவளுடைய பாவமில்லை.

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் பதினெட்டு வருஷமாகக் கூனிப்போன ஒரு பெண் வருகிறாள். யேசு அவளிடம் அடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கூப்பிட்டார், கையை வைத்தார், நிமிர்த்திவிட்டார். அன்று ஓய்வுநாள், ஓய்வுநாளில் எதற்கு இந்த வேலை என்று தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம். கவனித்துப் பார்த்தால் அந்தக் கதையில் தன்மேல் வளைந்து நின்றவர் அந்தத் தலைவர்தான். முதுகு நேராகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் வைத்தியம் ஒன்றேதான், நிமிர்வது. கூனியவள் வானத்தைப் பார்க்க நிமிர வேண்டும். தன்னை மட்டும் பார்ப்பவன் பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க நிமிர வேண்டும். 1960இல் அமெரிக்கப் பெண் இறையியலாளர் வாலரி சேவிங் ஒரு கட்டுரை எழுதினார். அகந்தைதான் மூலப்பாவம் என்று ஆண்கள் தங்கள் அனுபவத்தை வைத்து எழுதிவிட்டார்கள், பெண்களின் சோதனை பெரும்பாலும் நேர்மாறானது, தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்வது என்று அதில் வாதிட்டார். நம் தோட்டத்துப் பெண்களிடம் யாரும் அதைப் படித்துக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் 'இதுக்கு ஒரு புஸ்தகமா' என்று கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் பணிவு எங்கே உண்மையாகிறது? இந்தத் தீவில் இதற்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறவர் யோசப் வாஸ் அடிகளார். காட்டுகிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. சுருவங்களில் அவர் தலையைக் குனிந்து, கையைக் கட்டி, மன்னிப்புக் கேட்க வந்தவர்போல நிற்கிறார். வரலாற்றில் உள்ள ஆள் அப்படியில்லை.

1651 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பெனாலிமில் பிறந்தவர். கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். கோவாவின் கத்தோலிக்கத்துக்குள் சாதி அப்படியே உயிரோடு இருந்தது. குருக்களுக்கிடையிலேயே பிராமணர், சார்தோ என்ற போட்டி இருந்தது. 1676இல் குருப்பட்டம் பெற்றவர், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி சாங்கோலேயில், தன்னை மரியாளின் நிரந்தர அடிமையாக எழுதிக்கொடுத்து ஒரு அடிமைச் சாசனத்தில் கையெழுத்திட்டார். அவரைப் பற்றிய பக்தி நூல்கள் எல்லாம் இந்தச் சாசனத்தைத்தான் கொண்டாடும். எனக்கு அது இருபத்தாறு வயது இளைஞனின் எழுத்தாகவே படுகிறது. சூடான, நேர்மையான, கொஞ்சம் தன்னையே பார்த்துக்கொள்கிற எழுத்து. அடிமை என்று எழுதினாலும் விண்ணரசியின் அடிமை என்பது ஒரு பட்டம்தானே. நான் என்னைக் கொடுக்கிறேன் என்பதில் 'நான்' இரண்டு தரம் வருகிறது.

பத்து ஆண்டுகள் போகட்டும். ஒல்லாந்தர் 1658க்குப் பிறகு கத்தோலிக்கக் குருக்களை இலங்கையிலிருந்து விரட்டிவிட்டார்கள். ஒளித்து வைத்தால் மரண தண்டனை. 1687இல் வாஸ் கூலியாள் வேஷத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். வயிற்றோட்டத்தில் செத்துப் பிழைத்து, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கழுத்தில் செபமாலை வெளியே தெரியும்படி தொங்கியது. அதைப் பார்த்து எந்த வீட்டுக்காரரின் முகம் மாறுகிறதோ அங்கே கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். இங்கே நிற்க வேண்டும். பிச்சைக்காரனாக நின்ற அந்த நேரத்தில் அவர் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை, அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு தாழ்ந்துவிட்டேன் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்க்கிற வேலை இருந்தது. சாங்கோலேச் சாசனம் கேட்டதை யாழ்ப்பாணத்துத் தெரு செய்து முடித்தது.

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு. கோவாவிலிருந்து கூடவே வந்த பணியாள் யோவான். வாஸ் பிறந்த தேதி நமக்குத் தெரியும், பெற்றோர் பெயர் தெரியும். யோவானைப் பற்றிக் கிட்டத்தட்ட அந்த ஒற்றைப் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. தாழ்மையின் புனிதருக்கும் ஒரு வேலைக்காரர் இருந்தார் என்பதைக் கேலியாகச் சொல்லவில்லை. வேஷம் போட்டுக் கூலியானவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, வேஷம் போடத் தேவையில்லாதவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதைத் திருச்சபை என்றாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

1692இல் கண்டி இராச்சியத்துக்குள் போனபோது, அரண்மனையோடு உறவு வைத்திருந்த பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்தர் ஒருவர் இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொல்லிவிட, கைதியாகத்தான் கண்டிக்குக் கொண்டுபோகப்பட்டார். கைதியாக இருந்துகொண்டே சிங்களம் படித்தார், குடிசைக் கோயில் கட்டினார். இரண்டாம் விமலதர்மசூரியன் மெல்ல நம்பினான். 1697இல் கண்டியில் பெரியம்மை. அரசனும் பணமுள்ளவர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது அந்நாள் வழக்கம். வாஸும் அவருடைய மருமகன் உறவான யோசப் கர்வாலியோ அடிகளும் வீடுகளிலும் காட்டிலும் கிடந்தவர்களைத் தேடிப் போனார்கள். கொட்டில் போட்டார்கள், கஞ்சி வைத்தார்கள், சீழ் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்த அரசன் கத்தோலிக்கரைத் தொந்தரவு செய்யாமல் விட்டான்.

அம்மை வார்த்த உடம்பைக் கழுவுகிறபோது 'நான் பணிவாக இருக்கிறேனா' என்ற கேள்விக்கு இடமே இல்லை. சட்டியில் கஞ்சி இருக்கிறதா, அடுத்த கொட்டிலில் யாராவது முனகுகிறார்களா, இவ்வளவுதான். தன்னலத்தை நேருக்கு நேர் நின்று யாரும் வென்றதாக எனக்குத் தெரியவில்லை. நேருக்கு நேர் நிற்பதே அதற்குத் தீனி. கண் வேறொருவர் மேல் போய்விட்டால் அது பட்டினி கிடக்கிறது. இதற்குச் சாதாரண மனித நேயம் போதாதா, கிறிஸ்துவின் விசுவாசம் எதற்கு என்று கேட்கலாம். போதும்தான், சிலருக்கு, சில நாளைக்கு. அம்மை ஒரு மாதத்தில் முடிவதில்லை. பார்த்துக்கொண்டிருக்க யாருமில்லாத காட்டில், நன்றி சொல்ல வாயில்லாதவர்களோடு, நாளைக்குத் தனக்கும் வரலாம் என்று தெரிந்து நிற்பதற்கு, எனக்கு ஒன்று நேர்ந்தால் நான் தொலைந்துபோக மாட்டேன் என்ற நிச்சயம் வேண்டியிருக்கிறது. தன்னைக் காப்பாற்ற வேறொருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருக்குத்தான் தன்னைக் காப்பாற்றும் வேலையிலிருந்து லீவு கிடைக்கும். விசுவாசம் அகந்தைக்குச் செய்வது இதுதான் என்பது என் எண்ணம். அறிவுரையால் முடியாதது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆள் யாருக்கும் கூனிக் குறுகியவர் இல்லை. ஒல்லாந்தச் சட்டத்தை மீறி நாட்டுக்குள் நுழைந்தவர். ஒற்றர் என்ற பழியோடு சிறைக்குப் போய், ஊருக்குத் திரும்பி ஓடாமல் நின்றவர். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர். அதற்கும் முதுகெலும்பு வேண்டும்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டக் கோயிலில் பெரிய வியாழன் பூசை பார்த்தேன். பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2016 ஜனவரியில் விதியை மாற்றிய பிறகு, நம்மூர்க் கோயில்களிலும் வாங்கில் பெண்களை உட்கார வைக்கிறார்கள். அன்று பின்னேரம் பீலிக்கரையில் ஒரு வேடிக்கை. தெரிவு செய்யப்பட்டவர்கள் சன்லைட் சவர்க்காரமும் செங்கல் துண்டுமாகக் குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்துக்காரியின் குதிகாலில் வெடிப்பு ஆழமாக இருக்கும். அதற்குள் போன மண் வெளியே வராது. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு வைத்த வெள்ளைத் தழும்புகள் கணுக்காலைச் சுற்றிப் புள்ளி வைத்திருக்கும். கழுவப் போகிற காலைக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாமி கழுவும்போது அழுக்கு இருக்கக் கூடாதாம்.

பூசையில் முறை ஒரு பாட்டியிடம் வந்தது. பென்சன் வாங்கின கொழுந்துக்காரி. சாமி முழந்தாளில் நிற்க, அவர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாஞ் சாமி. எங் காலப் போயி நீங்க தொடுறதாவது."

"குடுங்க பாட்டி."

"பாவஞ் சாமி."

யேசு கால் கழுவ வந்தபோது பேதுரு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் பேதுரு சொன்னது எசமான்மேல் இருந்த மதிப்பால். இந்தப் பாட்டி சொன்னது தன் கால் தொடத் தகாதது என்று ஆயுள் முழுக்கப் பழகியதால். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பணிவு. உள்ளே ஒன்று அன்பு, மற்றது காயம். இதற்குள் ஒரு தம்பி கைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நல்ல கோணம் தேடிக்கொண்டிருந்தான். சாமி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பின்னால் போனான். அவர் அவசரப்படவில்லை, காலைப் பிடித்து இழுக்கவும் இல்லை. கையில் துவாயோடு அப்படியே நின்றார். கோயில் முழுக்கக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டியின் கால் தானாக வெளியே வந்தது.

பூசை முடிந்து எல்லாரும் கலையும்போது பாட்டி சாமியின் அங்கியைப் பிடித்து நிறுத்தினார். "காலு கழுவுனது சந்தோசஞ் சாமி. ஆனா மேலத் தொங்கல்ல பீலி ஒடஞ்சு கெடக்குது. குடிக்கக் கொண்டாறதுக்கே ரெண்டு வளவு எறங்கணும். தொரைகிட்ட நாங்க சொன்னா ஏறாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

எனக்கு அந்த இரவின் வேதம் அதுதான். காலை இழுத்துக்கொண்டவர் ஒரு மணி நேரத்துக்குள் அங்கியைப் பிடித்து இழுத்துவிட்டார். தனக்காக மட்டும் கேட்கவில்லை, தொங்கலில் உள்ள அத்தனை காம்பராவுக்காகவும் கேட்டார். தொட்டுக் கழுவப்பட்ட பிறகுதான் கேட்க வாய் வந்ததா, அல்லது எப்படியும் கேட்டிருப்பாரா, சொல்ல முடியாது. தன்மானமும் தன்னலமும் வேறு வேறு என்று வகுப்பெடுக்கத் தேவையில்லாமல் போய்விட்டது என்பது மட்டும் நிச்சயம்.

தோட்டங்களுக்கு ஆள் வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, 2023இல் 'மலையகம் 200' என்று ஒரு நடை நடந்தது. ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. முன்னோர் விழுந்து கிடந்த அதே வடக்கு வீதி. நடந்தவர்கள் காணி, வீடு, சம்பளம், சம உரிமை என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். கூனியவள் நிமிர்ந்த கதையை அன்று வீதியில் பார்த்த மாதிரி இருந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிரசங்கத்துக்கு ஏற்ற வரி, ஆனாலும் உண்மை.

அந்த நடை மாத்தளைக்குள் வர முன்னர் அளுவிஹாரையைத் தாண்டித்தான் வரவேண்டும். நகரத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரில், வீதியோரம், பாறைப் பிளவுகளுக்குள் இருக்கும் பழைய விகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா அரசன் காலத்தில், வாய்வழியாக வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் எழுதியது இங்கேதான் என்பது மரபு. அந்த ஏடுகளின் மையத்தில் இருந்தது அனாத்மம்: 'நான்' என்று நீ இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது நிலையான ஒன்றல்ல. தன்னலத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேசத் தொடங்க நூறாண்டு முன்பே, மாத்தளைப் பாறையில் அதைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது அடுத்த ஹோல்ட் எது என்றுதான் பார்க்கிறார்கள்.

தாண்டாமல் உள்ளே போய்ப் பார்த்தவர் லின் த சில்வா. மெதடிஸ்த போதகர், 1919இல் பிறந்து 1982இல் மறைந்தவர். பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் 'தன்' என்ற சிக்கலைப் பற்றி 1975இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்தவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதுபோல அழியாத ஆன்மா என்ற கட்டி ஒன்று மனிதனுக்குள் இருப்பதாகப் பைபிளே சொல்லவில்லை என்றார். மனிதன் மண். மூச்சு கொடுக்கப்பட்டதால் உயிரோடு இருக்கிறான். தன்னளவில் நிற்கிற 'நான்' இல்லை என்பதில் புத்தருக்கும் எபிரேய வேதத்துக்கும் சண்டையில்லை. அப்படியானால் மிஞ்சுவது என்ன? உறவு என்றார் லின். கடவுளோடும் மற்றவர்களோடும் உள்ள உறவில்தான் ஒருவர் ஆளாகிறார், அதைத்தான் வேதம் ஆவி என்கிறது. அனாத்மத்தையும் ஆவியையும் அவர் ஒரே சொல்லாகக் கோர்த்தார். எல்லாப் பிக்குகளும் எல்லாப் போதகர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு வாஸ் அடிகளாரின் 1677க்கும் 1697க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குகிற சிந்தனை கிடைக்கவில்லை. 'நான்' என்ற கட்டியை அவர் உடைக்கவில்லை. கொட்டிலிலிருந்து கொட்டிலுக்குப் போய் வந்ததில் அது எங்கேயோ கரைந்துபோனது, ஆனால் ஆள் முழுசாக இருந்தார்.

கலேவெலைப் பக்கம் வஹாகோட்டைக்குப் போனால் இதே சங்கதிக்கு வேறொரு முகம். காட்டுப்புறக் கிராமத்தில் புனித அந்தோனியார் திருத்தலம். கண்டி அரசர்களிடம் பிடிபட்ட போர்த்துக்கேயச் சிப்பாய்களின் வழிவந்தவர்கள் அங்கே குடியிருப்பதாக மரபு. வாஸ் அடிகளார் அவர்களையும் பார்க்க வந்தார் என்பது ஊர்ப் பேச்சு. நாட்டைப் பிடிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சேனைப் பயிர் செய்து, சிங்களம் பேசி, கிராமத்தவராகிப் போனார்கள். அவர்களாகத் தேர்ந்தெடுத்த பணிவில்லை, வரலாறு பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தது. ஆனாலும் நன்றாகத்தான் வேர் பிடித்திருக்கிறார்கள். ஜூன் திருவிழாவில் மலையகத்துத் தமிழர்களும் லொறி பிடித்து வருவார்கள். அந்தோனியாரிடம் வருகிற விண்ணப்பங்களைக் கேட்டால் தன்னலத்தின் பட்டியல் மாதிரிதான் இருக்கும்: விசா கிடைக்க வேண்டும், சோதனை பாஸாக வேண்டும், தொலைந்த தோடு கிடைக்க வேண்டும். படித்த சாமிமார் சிலருக்கு இதில் முகச்சுளிப்பு. எனக்கு இல்லை. கூனியவர்கள் கேட்கப் பழகட்டும். அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பேரனுக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்காக, குவைத்தில் இருக்கிற மருமகளுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள்தான் கூடுதலாகத் தெரிவார்கள்.

அடக்கம் பேசப்பட வேண்டியது மேலே உள்ளவர்களிடம். அங்கே அது அபூர்வமாகத்தான் நடக்கிறது, நடந்திருக்கிறது. ஆயர் லியோ நாணயக்கார 1959இல் கண்டிக்கு ஆயரானார். மாத்தளையும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. பழைய தலைநகரின் ஆசனம், பெரிய பெயர். 1972இல் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு ஊவாவுக்கென்று பதுளை மறைமாவட்டம் உண்டானபோது, அவர் கண்டியை விட்டுவிட்டு, புதிதும் சிறிதும் ஏழையுமான பதுளைக்குப் போனார். 1982இல் இறக்கும் வரை அங்கேதான். ஆயர்கள் சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போவதே உலக வழக்கம். எதிர்த்திசையில் போன இந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்பது என் மனக்குறை. பணிவைப் பற்றி ஓர் ஆயர் எழுதக்கூடிய அத்தனை சுற்றறிக்கையும் அந்த மாற்றல் கடிதத்தில் அடங்கிவிட்டது.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது என்று இன்று உறுதியாகக் காட்ட ஆளில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதன் பிறகு ஊருக்கு ஊர் அவருக்குச் சுருவம் வைக்கும் வேகம் பிறந்தது. மலைப்பக்கத்துப் பங்கு ஒன்றில் சுருவம் வந்து இறங்கி, பீடமும் கட்டியாகிவிட்டது. பளிங்குக் கல்லில் உபயகாரர்களில் யார் பெயர் முதலாவதாக வருவது என்று பங்குச் சபையில் பேச்சு தொடங்கியது. கூடக் கொடுத்தவரா, முதலில் கொடுத்தவரா என்று இரண்டு கட்சி. கடைசியில் அகர வரிசை என்று முடிவானது. அதற்கு ஆட்சேபணை சொல்லி வேலாயுதம் குடும்பத்தார் போல வகர வரிசையில் வருகிறவர்கள் இப்போது ஒன்று சேர்ந்திருக்கிறார்களாம்.